“குழந்தைக்குக் குறை இருக்கிறதா?” – அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது?

நொய்யல்கரை

வணக்கம். காங்கயம் பக்கம் ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊருக்குள் பால்வாடி டீச்சர் என்றால்தான் தெரியும்.

சென்ற மாதம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். படிவத்தில் இதற்கென்று இருந்தது ஒரே கேள்வி: “வீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தை உண்டா? உண்டு எனில் வகை.” இரண்டு நாளில் எழுபது வீடு முடித்தேன். எழுபதிலும் “இல்லை”.

மூன்றாம் நாள் ஒரு தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு)ப் போனேன். அம்மா திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. கேட்டேன், “அப்படி ஒன்றும் இல்லை டீச்சர்” என்றார், “இல்லை” என்று குறித்தேன். மோர் கொண்டுவருகிறேன் என்று அவர் உள்ளே போனபோதுதான் குழந்தையைப் பார்த்தேன். முறத்திலிருந்த பருப்பை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடுகிறாள். வலது கை மார்போடு ஒட்டியிருக்கிறது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, முஷ்டி மூடியே இருக்கிறது. ஒரு பருப்பை வலது பக்கம் நீட்டினேன். உடம்பையே திருப்பி இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

மோருடன் வந்த அம்மாவிடம் கேட்டேன். “பிறந்ததிலிருந்தே ஒரட்டாங்கை (இடது கை)ப் பழக்கம் டீச்சர். அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டால் சரியாகிவிடும் என்று அத்தை சொல்கிறார்” என்றார்.

அந்தப் படிவத்தில் இதை எழுத இடமே இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் அது பழக்கம். அப்படியானால் முன்பு முடித்த எழுபது வீட்டிலும் எத்தனை “பழக்கத்தை”க் கடந்து வந்தேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும்?

மஞ்சள்மாநகர்

டீச்சர், நான் ஈரோட்டில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். முதலில் அந்தக் குழந்தை, மற்றதெல்லாம் பிறகு.

ஒன்றரை வயதுக்கு முன் பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடுங்குவார்கள், இரண்டு கையாலும் எறிவார்கள். பிறந்ததிலிருந்தே ஒரு கைதான் என்று அம்மா சொன்னால் மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் முஷ்டியும் ஒட்டிய கையும் உடம்பின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் பெருமூளை வாதமாக (மூளை பாதிப்பால் கைகால் அசைவு கெடுவது) இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கையைக் கட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல கையைச் சிறிது நேரம் தடுத்துவைத்து மற்றக் கைக்கு வேலை தரும் பயிற்சி ஒன்று உண்டு என்பது உண்மை. அதைப் பயிற்சியாளர் குழந்தையைப் பார்த்து, நேரம் அளந்து, விளையாட்டாகச் செய்வார். திட்டிக்கொண்டே துணியால் கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி உங்கள் கேள்வி. யூனிசெஃப் அமைப்பும் வாஷிங்டன் குழு என்ற புள்ளியியல் குழுவும் சேர்ந்து 2016ல் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டன. அம்மாவிடமோ குழந்தையை வளர்ப்பவரிடமோ கேட்பதற்கானது. 2 முதல் 4 வயதுக்குப் பதினாறு கேள்விகள், 5 முதல் 17 வயதுக்கு இருபத்துநான்கு. ஊனம், குறை, நோய் என்ற சொல் ஒரு கேள்வியிலும் கிடையாது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, சின்னப் பொருளைக் கையால் எடுப்பது, சொன்னதைப் புரிந்துகொள்வது, தான் சொல்வதைப் புரியவைப்பது, கற்பது, விளையாடுவது, பிறரை அடிப்பது கடிப்பது என்று குழந்தை அன்றாடம் செய்வதைத்தான் கேட்கிறார்கள். பதிலும் உண்டு, இல்லை என்று இரண்டோடு நிற்காது. சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், செய்யவே முடியவில்லை என்று நான்கு படி. பல கேள்விகள் “இதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்” என்றே தொடங்கும். உங்கள் சாளையில் “சின்னப் பொருளைக் கையால் எடுக்கச் சிரமப்படுகிறாளா” என்று கேட்டிருந்தால் அந்த அம்மா ஒருமுறை திரும்பிக் குழந்தையின் கையைப் பார்த்திருப்பார். கேள்வி செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

தறிச்சத்தம்

பள்ளிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது மூன்று வயது முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு முறை வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். இரண்டு முறையும் “ஒரு குறையும் இல்லை” என்று சொன்னவன் நான்.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியே எங்கள் தறிக்கூடம். எட்டுத் தறி. நானும் மனைவியும் மாறி மாறி நிற்போம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சே காதில் விழாது. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். பாவு அறுந்தால் ஒரு சைகை, தேநீருக்கு ஒன்று, குழந்தை அழுதால் ஒன்று. மகளும் அதையே கற்றாள். கையைக் காட்டினால் வருவாள், சிரிப்பாள், பொருளை எடுத்துத் தருவாள். யாராவது நடந்து வந்தால் தரை அதிர்வதில் திரும்பிப் பார்ப்பாள். சுட்டி என்று கொஞ்சினோம். பேச்சு வரவில்லையே என்று கேட்டதற்கு அவளுடைய அமுச்சி (அம்மாவின் அம்மா), “இவள் மாமனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருடம் போயிற்று.

ஒருநாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்திருந்தார். அவர் காது கேட்கிறதா என்று கேட்கவில்லை. “கரண்ட் போன நேரத்தில், இருட்டில், முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் வருகிறாளா?” என்று கேட்டார். என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கரண்ட் போனால் மகள் அலறுவாள். “இங்கேதான் இருக்கிறேன் கண்ணு” என்று இரண்டடி தூரத்திலிருந்து எத்தனை முறை கத்தினாலும் அழுகை நிற்காது, தொட்டால்தான் நிற்கும். இருட்டுக்குப் பயம் என்று நினைத்திருந்தோம்.

அடுத்த வாரம் காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் பெரா சோதனை செய்தோம். இரண்டு காதிலும் கடுமையான இழப்பு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவை செய்து காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த வயது வரம்பு இருப்பதால் ஓட வேண்டியிருந்தது. கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தோம். இப்போது ஏழு வயது, பேசுகிறாள். முதல் இரண்டு கணக்கெடுப்பிலேயே அந்தக் கேள்வி வந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

மேட்டுக்காடு

தறிச்சத்தம் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. பெற்றோரைக் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. கருவி வைத்து ஒவ்வொரு குழந்தையையும் சோதிக்க வேண்டும். வாய்மொழிக் கணக்கெடுப்பு காகிதச் செலவு.

நான் தாராபுரம் பக்கம் பண்ணையம் பார்க்கிறவன். என் தங்கையை முறைமாமனுக்குத்தான் கொடுத்தோம். முதல் பிள்ளைக்கு வலிப்பு வரும். கண் மேலே செருகி உடம்பு விறைத்துப்போகும். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றே கேட்டார். பின்னால் மாமியார், எதிரே பக்கத்து வீட்டார். என் தங்கை எப்படி வாய் திறப்பாள்? சொன்னால் அடுத்த ஒறம்பரை (உறவினர்) விசேஷத்துக்குள் ஊரெல்லாம் பரவும். நாத்தனாருக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்று ஒரு பக்கம், “அவள் வயிற்றின் கோளாறு” என்று ஒரு பக்கம் பேசுவார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர்களில் எத்தனை பேருடைய தொண்டையில் இந்தப் பயம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்கணக்கு

கோவையில் புள்ளியியல் கற்பிக்கிறேன். மேட்டுக்காடு சொல்லும் பயம் எண்ணிக்கையில் அப்படியே தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எட்டு வகை ஊனங்களை வரிசைப்படுத்திக் கேட்டார்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் கிடைத்தது 1.24 விழுக்காடு. பிறகு இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளை மருத்துவக் குழுவே சோதித்து 2018ல் வெளியான ஆய்வில், நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். வயதும் வரையறையும் வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து “இத்தனை குழந்தைகளை விட்டுவிட்டார்கள்” என்று சொல்வது தவறு. ஆனாலும் இந்த இடைவெளியின் பெரும்பகுதி கேட்ட விதத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கருவி கொண்டு எல்லோரையும் சோதிக்கலாம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மாவட்டத்தில் பெரா செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை லட்சம்? சல்லடை ஒன்று வேண்டியிருக்கிறது. 1980களில் வந்த பத்துக் கேள்விச் சோதனை அப்படிப்பட்டதுதான். வங்கதேசம், பாகிஸ்தான், ஜமைக்கா மூன்று நாட்டிலும் 22,000க்கும் மேற்பட்ட 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் வீட்டாரிடம் கேட்டுப் பார்த்தார்கள். உண்டா இல்லையா என்ற பத்தே கேள்விகள். கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கைகால் குறைபாடு, வலிப்பு ஆகியவற்றை அது நன்றாகவே பிடித்தது. முன்பே தெரியாத பார்வைக் குறையையும் காது கேளாமையையும் பிடிப்பதில்தான் தோற்றது. தறிச்சத்தம் எழுதியது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை, மூன்று நாட்டு ஆய்விலும் தெரிந்த ஓட்டை அது. காதுக்கும் கண்ணுக்கும் கருவி கட்டாயம் வேண்டும் என்பதில் நான் மேட்டுக்காடு பக்கம்.

சல்லடையைப் பற்றி இன்னொன்று. ஒரு கணக்குக்கு ஆயிரம் குழந்தைகள், அவர்களில் உண்மையிலேயே பாதிப்புள்ளோர் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வினாத்தாள் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கிறது, பதினெட்டு. நலமாக உள்ள 980 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது, 98. ஆக “மேல் சோதனை தேவை” என்று வரும் 116 பேரில் உண்மையான பாதிப்பு பதினெட்டுப் பேருக்குத்தான். இதைக் கணக்கெடுப்பவருக்கும் சொல்வதில்லை, தாய்க்கும் சொல்வதில்லை.

தேர்வீதி

அந்த 98ல் ஒரு தாய் நான். அவிநாசி.

என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதில் எம்-சாட் வினாத்தாளை நிரப்பச் சொன்னார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்பதற்கானது, இருபது கேள்வி. நீங்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அதைப் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் காட்டிக் கேட்கிறானா, தொலைபேசியில் பேசுவதுபோல் விளையாடுகிறானா, இப்படி. நான்கு கேள்விக்குத் தவறான பக்கம் குறித்துவிட்டேன். தாளை வாங்கிய பெண், “ஆட்டிசம் மாதிரி வருகிறது” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். மூன்று மாதம் நான் சோறு உண்ட நினைவில்லை. மகன் தூக்கத்தில் புரண்டாலும் அறிகுறி என்று தோன்றியது.

கோவையில் ஒரு வளர்ச்சி மருத்துவர்தான் அந்த வினாத்தாளுக்கு இரண்டாம் பகுதி உண்டு என்று சொன்னார். இருபதில் மூன்று முதல் ஏழு வரை வந்தால் அந்தக் கேள்விகளை மட்டும் உதாரணத்தோடு மறுபடியும் பேசிக் கேட்க வேண்டுமாம். கேட்டார். “வேண்டியதை விரலால் காட்டுவானா” என்பதற்கு நான் இல்லை என்று எழுதியிருந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுவான் என்பதையே நினைத்திருந்தேன். “நிலாவை எப்படிக் காட்டுவான்?” என்று கேட்டார். விரலை நீட்டித்தான் காட்டுவான். மதிப்பெண் ஒன்றுக்கு இறங்கியது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார், நன்றாக இருக்கிறான்.

கேட்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றே. தாளைப் பார்த்ததும் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். “இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது” என்று சொல்லி, எங்கே, எப்போது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

பனியன்ஊர்

யாரைக் கேட்பது என்பதையும் பேச வேண்டும். திருப்பூரில் வரிசை வீடுகளில் குடியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். ஒடியா பேசும் ஒரு தாயிடம் கேட்க, லைன் வீட்டு மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொன்னதைப் பார்த்தேன். வேலை கொடுத்த ஆளின் முன்னால் என் பிள்ளைக்கு நடக்க வராது என்று எந்தத் தாய் சொல்வாள்? இன்னொரு வீட்டில் அம்மா இரவு ஷிப்ட். மூன்று வயதுத் தம்பியைத் தூக்கி வளர்ப்பது எட்டு வயது அக்கா. அம்மாவின் பதில், “சிரமம் இல்லை”. அக்கா மெதுவாக, “சோறு மட்டும் விழுங்க மாட்டான், கஞ்சிதான், அதுவும் புரையேறும்” என்றாள்.

நம் ஊர்க் குடும்பங்களிலும் இதுதான் நிலை. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் பிள்ளையை அமுச்சி அப்புச்சியிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறார்கள். அம்மா என்ற பெயருக்காக அவரிடம் மட்டும் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தையைப் பற்றித்தான் பதில் வரும்.

“சிரமம்” என்ற சொல்லையும் பாருங்கள். “சிரமம் உண்டா” என்றால் பலர் பணத்தட்டுப்பாட்டைச் சொல்லத் தொடங்குகிறார்கள். “அவளால் முடிகிறதா, கஷ்டப்பட்டுச் செய்கிறாளா” என்று உடைத்துக் கேட்டால்தான் ஓடுகிறது.

மேட்டுக்காடு

எண்கணக்கு ஐயா சொன்ன சல்லடைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். காகிதச் செலவு என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வலிப்பைப் பத்துக் கேள்வியே பிடிக்கும் என்றால், அன்று என் தங்கையைத் தனியாக உட்காரவைத்து “எப்போதாவது விறைத்துப்போகிறானா, நினைவு தப்புகிறதா” என்று யாராவது கேட்டிருக்கலாம். மருந்து தொடங்க ஒன்றரை வருடம் தாமதமாகியிருக்காது. இடையில் எத்தனை மந்திரிப்பு, எத்தனை கயிறு!

ஆனால் ஒன்று கேட்கிறேன். கண்டுபிடித்த பிறகு என்ன? கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்களா?

மஞ்சள்மாநகர்

இதைக் கேட்டதற்கு நன்றி. பதினாறு கேள்வியும் நாட்டின் கணக்கு எடுப்பதற்கு உருவானவை. அதில் “மிகுந்த சிரமம்” என்று வந்தால் நோய் முடிவாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில் அந்தப் பதில் கிடைத்துவிட்டால், கணக்குக்காகத்தான் கேட்டேன் என்று எழுந்து போக நமக்கு உரிமையில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழு வரும் நாளில் விடுப்பில் இருக்கும் குழந்தைதான் பெரும்பாலும் நாம் தேடும் குழந்தை. அந்தப் பட்டியலை வைத்திருப்பவர் பால்வாடி டீச்சர். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த ஊன வகைகளை இருபத்தொன்றாக்கியது. பெயர் சொல்லி உதவி கேட்கவாவது வழி விரிந்திருக்கிறது.

இரண்டு வயதுக்குக் கீழே அந்தப் பதினாறு கேள்வி பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இயல்பாகவே வேறுபாடு அதிகம். தனியாக நடப்பதையே எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் அகலமாக வைத்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்குத் திருவனந்தபுரத்தில் உருவான பதினேழு படி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. அதில் குழந்தையின் வயது வரும் இடத்தில் ஒரு அளவுகோலை நேராக வைத்துப் பார்த்தால் போதும், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் அந்தச் சாளைக்குப் போனேன். அத்தை பட்டிக்கு ஆடு அடைக்கப் போகும் பொழுதாகப் பார்த்துப் போனேன். படிவத்தை எடுக்கவில்லை. நானும் சேர்ந்து கடலைக்காய் உரித்தேன். குறை என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. “இதே வயதில் உங்கள் நங்கையாள் மகன் இருக்கிறானே, அவனைப் போல் ஓடுகிறாளா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சிவப்புச் செருப்பு. இடது செருப்பு புதிதாக இருக்கிறது. வலது செருப்பின் முன்நுனி மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. “இது மூன்றாவது ஜோடி டீச்சர். மூன்றும் இதே இடத்தில்தான் தேய்ந்தது. கடைக்காரரிடம் சண்டை போட்டேன்” என்றார்.

கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அத்தையிடம் அவரே பேசிக்கொள்கிறாராம். செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்ன மாவட்ட மையத்துக்கு நானும் கூடப் போகிறேன். என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

மஞ்சள்மாநகர்

உங்களுக்குத் திருப்பூர்தான் பக்கம். தாய் சேய் நல அட்டை, பிரசவம் நடந்த மருத்துவமனைச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார். குழந்தை பிறந்தவுடன் அழுததா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அங்கே கேட்பார்கள். ஒன்பது மணிக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். வயிறு நிறைந்த பிள்ளைதான் ஒத்துழைக்கும், கொறிக்க ஏதாவது இருக்கட்டும்.

அந்தச் செருப்பையும் எடுத்துப் போங்கள். இரண்டையும்.